மூச்சடக்கிய மாமாவும் டிரில் டீச்சரும்

பரமத்தி வேலூர்
5-8-1960

என் அக்காள் மகள் சௌந்திரத்துக்கு மாமன் குழந்தைவேல் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தை சின்னாயியும் வெற்றிலைக் கொடிக்காலும் சௌக்கியம். உன் அம்மாவுக்கு மட்டும் முழங்கால் பிடித்துக்கொண்டது. நான் ஒரு தைலம் காய்ச்சிக் கொடுத்திருக்கிறேன். கரூர் டாக்டர் ஒருவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, இனி என் ஆஸ்பத்திரியை மூட வேண்டியதுதான் என்றார்.

நீ அம்மாவுக்கு எழுதிய கடுதாசியை வழக்கம்போல் நான்தான் வாசித்துக் காட்டினேன். அதில் மரியபுஷ்பம் டீச்சர் என்ற பேர் வரும்போதெல்லாம் உன் அத்தை ஒரு விரலை மடக்கினாள். ஒரு கை தீர்ந்து மறு கைக்குப் போனாள். மாமன் பேர் கடைசியில் ஒரே தடவை. "மாமாவைக் கேட்டதாகச் சொல்லவும்." அதையும் என் வாயாலேயே வாசித்து எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சேலத்துக்குப் போய் ஹாஸ்டலில் சேர்ந்து இரண்டு மாசம்தான் ஆகிறது. அதற்குள் அந்த டிரில் டீச்சர் ஓடக் கற்றுக் கொடுத்தாள், குனியக் கற்றுக் கொடுத்தாள், சுகாதார வகுப்பில் மூச்சு விடக்கூடக் கற்றுக் கொடுக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். பிறந்ததிலிருந்து நீ என்ன செய்துகொண்டிருந்தாய், சாமி? மூச்சு என்றால் இந்தச் சீமையில் யார் பேரைச் சொல்வார்கள்? காவேரியில் வெள்ளம் கரை முட்டிப் போன அன்றைக்கு நான் முங்கினேனே, உனக்கு ஆறு வயசு, கரையில் நின்றாய். நான் முங்கினதும் உன் அத்தை அடுப்பு மூட்டிச் சோற்றுப் பானையை ஏற்றினாள். சோறு வெந்து கஞ்சி வடித்த பிறகுதான் தலையை எடுத்தேன். நடுவில் முதலை ஒன்று வந்து பார்த்துவிட்டு, யாரோ குடியிருக்கிற இடம் போலிருக்கிறது என்று திரும்பிப் போயிற்று. இந்த ஆடிப் பதினெட்டுக்கும் முங்கச் சொல்லி ஊரே கெஞ்சியது. சளி இருந்ததால் விட்டுவிட்டேன்.

டிரில் வகுப்பையும் சுகாதார வகுப்பையும் பற்றிப் பிள்ளைகள் அபிப்பிராயம் எழுதித் தர வேண்டும் என்று உங்கள் பெரிய டீச்சர் கேட்கிறார்களாம். இதற்கு நீ யோசிக்கவே வேண்டாம். "என் மாமா எனக்கு எல்லாம் கற்றுக் கொடுத்துவிட்டார். டீச்சர் விசில் ஊதுவது நன்றாக இருக்கிறது" என்று எழுது. விசிலையும் பாராட்டியாகிவிட்டது, உண்மையும் சொல்லியாகிவிட்டது.

பதிலில் மாமன் பேர் கொஞ்சம் மேலே வரட்டும்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன் குழந்தைவேல்


சேலம்
14-8-1960

மாமாவுக்கு,

முதல் வரியிலேயே உங்கள் பேர். அத்தையிடம் விரல் மடக்கச் சொல்லுங்கள்.

அபிப்பிராயத் தாள் விளையாட்டுக் காரியம் இல்லை, மாமா. நான்காம் பாரத்துக்கு மேலே படிக்கிற பெண்கள் மைதானத்தில் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடுவது அழகில்லை என்று சில பேருடைய அப்பாக்கள் பெரிய டீச்சரிடம் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். சுகாதார வகுப்பில் உடம்பைப் பற்றிப் பேசுவதும் வேண்டாமாம். அந்த இரண்டு பீரியடையும் தையலுக்குக் கொடுத்துவிடலாமா என்பதுதான் கேள்வி. நாங்கள் பேர் போடாமல் எழுதித் தர வேண்டும். பிறகு அக்டோபரில் பெற்றோர் கூட்டம். அதில் எங்கள் தாள்களில் சிலவற்றை வாசித்து, வந்தவர்கள் சொல்வதையும் கேட்டு முடிவு செய்வார்கள்.

ஜனவரியில் ஜில்லாப் போட்டி. எங்கள் பள்ளிக்காக நூறு கெஜ ஓட்டத்துக்கு டீச்சர் என்னைத்தான் வைத்திருக்கிறார்கள். டிரில் நின்றால் அதுவும் நின்றுவிடும். மாமா, எனக்குக் கணக்கு சுமார், இங்கிலீஷ் சுமார். ஓட்டத்தில் மட்டும்தான் பின்னால் திரும்பிப் பார்த்தால் ஆட்கள் இருக்கிறார்கள்.

அப்பா இருந்திருந்தால் கூட்டத்துக்கு அப்பா வந்திருப்பார். அம்மா பஸ் ஏற மாட்டார்கள். நீங்கள்தான் வர வேண்டும். கேட்டால் "இருக்கட்டுங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். காவேரி வேண்டாம். முதலை நிச்சயமாக வேண்டாம்.

தாளில் நீங்கள் சொன்னபடி எழுத முடியாது. உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள்
சௌந்திரம்


பரமத்தி வேலூர்
3-10-1960

சௌந்திரத்துக்கு,

காலாண்டு லீவு முடிந்து நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாகக் கண்டக்டர் பச்சமுத்து சொன்னான். நீ சொல்லியனுப்பவில்லை.

லீவில் வந்தாயே, மாமன் வீட்டுக்கு வந்த மாதிரியா இருந்தாய்? எப்போதும்போல் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு நான் வந்து நின்றால், "மாசா மாசம் குடிக்க வேண்டியதில்லைன்னு டீச்சர் சொன்னாங்க மாமா" என்கிறாய். உன்னைத் தூக்கிப் பிடித்து வாயைத் திறந்து ஊற்றிய கை இது. குளித்துவிட்டு வந்தால், "துண்டைத் தனித்தனியா வெச்சுக்கோணும்னு டீச்சர் சொன்னாங்க" என்று உன் அத்தைக்கும் எனக்கும் துண்டைப் பிரித்து வைத்தாய். முப்பது வருஷமாக ஒரே துண்டில் துடைத்துக்கொண்டவர்கள் நாங்கள். இப்போது நான் அவள் துண்டைத் தொட்டால், "அது என்னுது, டீச்சர் திட்டுவாங்க" என்று என்னைக் கேலி செய்கிறாள். அந்த டீச்சர் என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டாள், சாமி.

இன்னொன்றும் சொல்கிறேன். முன்பெல்லாம் நான் பேச ஆரம்பித்தால் நீ கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வருவாய். இந்தத் தடவை நான் யானை மிரண்ட கதையைச் சொன்னபோது, நீ வாசலில் நின்று ஒற்றைக் காலை மடக்கி ஏதோ பயிற்சி செய்துகொண்டே கேட்டாய். யானை எந்தப் பக்கம் ஓடியது என்று கேட்டேன். உனக்குத் தெரியவில்லை.

போகட்டும். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறேன். சலவைக்குப் போட்ட சட்டை வந்துவிட்டது. வாழைக்காய் மண்டி தீர்த்தகிரியும் வருகிறான். அவன் மகள் உன்னோடுதானே படிக்கிறாள். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு ஓட்டம் என்று மண்டியில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறான். எடைக்கல்லைத் தவிர வேறெதையும் தூக்கியறியாதவன். அவன் பேச்சு எடுபட நான் விட மாட்டேன்.

ஒரு வார்த்தைதான் பேச வேண்டும் என்றாய். சரி. அந்த ஒரு வார்த்தையை எப்படிப் பேசுகிறேன் பார்.

மாமன் குழந்தைவேல்


பரமத்தி வேலூர்
9-10-1960

சௌந்திரத்துக்கு,

நேற்றைய கூட்டம் பிரமாதம். நான் எழுந்து நின்றதும் மண்டபம் முழுக்கச் சத்தம். கைதட்டல் என்றுதான் பஸ்ஸில் வந்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். பெரிய டீச்சர் எழுந்து, இப்படி ஒரு ஆளை நாங்கள் பார்த்ததே இல்லை என்றார்கள். என்னை வழியனுப்ப வாசல் வரை நாலு பேர் வந்தார்கள்.

உன் டீச்சர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். சிரிப்பை மறைத்திருப்பாள். அவள் சொல்லித்தானே நீ தாளில் அப்படி எழுதினாய். மாமன் மூச்சை அளந்து பார்க்க அவளிடம் கைக்கடிகாரம் இருக்கிறது. மாமன் உன்னைத் தோளில் வைத்துத் தேர் காட்டினதை அளக்க அவளிடம் என்ன இருக்கிறது?

அந்த வகுப்பு வேண்டாம் என்று சபையில் சொல்லிவிட்டு வந்தேன். சொன்னது சொன்னதுதான்.

உன் அத்தை சாப்பிடக் கூப்பிடுகிறாள். பசியில்லை.

குழந்தைவேல்


சேலம்
13-10-1960

மாமாவுக்கு,

நானும் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஐந்தாம் பாரம் முழுக்க நின்றது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெரிய டீச்சர் முதலில் நாலைந்து தாள்களை வாசித்தார்கள். ஒருத்தி முதுகு வலி போய்விட்டது என்று எழுதியிருந்தாள். ஒருத்தி வெயிலில் நிற்க வைக்கிறார்கள் என்று குறை எழுதியிருந்தாள். நீங்கள் கொட்டாவி விட்டீர்கள். பிறகு என் தாளை எடுத்தார்கள். "என் மாமா காவேரித் தண்ணீருக்குள் ஒரு பானைச் சோறு வேகும் நேரம் மூச்சை அடக்கி இருப்பார்" என்பது வரைக்கும் வாசித்து, கண்ணாடியைச் சரி செய்துகொள்ள நிறுத்தினார்கள். அவ்வளவுதான். நீங்கள் எழுந்து, தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, நாலா பக்கமும் திரும்பி, "அந்த மாமன் நாந்தானுங்க" என்றீர்கள்.

தாளில் யாருடைய பேரும் இல்லை. நீங்கள் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

பெரிய டீச்சர், "சந்தோஷம், உட்காருங்க" என்று அடுத்த வார்த்தைகளை வாசித்தார்கள். "என்று இந்த வகுப்புக்கு வரும் வரை நம்பியிருந்தேன்."

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. அது கைதட்டல் இல்லை. தீர்த்தகிரி மாமா பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "ஏனுங் கொழந்தவேலு, அன்னிக்கு வெச்சது கம்பா, நெல்லரிசியா? வேகறதுக்கு நேரம் வித்தியாசப்படுமுங்க" என்று கேட்டார். டீச்சர் சிரிக்கவில்லை. நான் டீச்சரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது உங்கள் கடிதத்தில் பாதிதான் இருக்கிறது. "பெரியவங்களப் பொய்யன்னு எழுதச் சொல்லித்தர்ற கிளாசு எதுக்குங்க? அந்தப் பொம்பளையையும் அவ விசிலையும் மொதல்ல நிறுத்துங்க" என்றீர்கள். தீர்த்தகிரி மாமா உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு, "கொழந்தவேலு சொன்னதுக்கு மேல நாம என்னத்தச் சொல்ல? நிறுத்தீருங்க" என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நான் ஒரு வார்த்தை கேட்டேன். நீங்கள் வேறு வார்த்தை கொடுத்தீர்கள்.

திங்கட்கிழமை முதல் எங்களுக்கு டிரில் இல்லை. சுகாதார வகுப்பும் இல்லை. அந்த நேரத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கிறோம். ஜன்னல் வழியாக மைதானம் தெரிகிறது. டீச்சர் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பந்து போடுகிறார்கள். எங்கள் பக்கம் பார்ப்பதில்லை.

டீச்சர் சொல்லி நான் எழுதவில்லை. நுரையீரல் பாடம் நடந்த அன்று நானே எழுந்து நின்று உங்கள் பானைக் கதையைச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். வகுப்பு சிரித்தது. டீச்சர்தான் அடக்கி, "நாமளே பார்த்துடலாம்" என்று எல்லோரையும் மூக்கைப் பிடிக்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒருத்தியாலும் ஒரு நிமிஷம் தாங்க முடியவில்லை. எனக்கு உங்கள் மேல் கோபம் வரவில்லை. ராத்திரி படுத்துக்கொண்டு சிரித்தேன்.

நீங்கள் போட்ட சத்தத்தில் என் தாளின் மிச்சத்தை யாரும் வாசிக்கவில்லை. "அது நிஜமில்லை என்று தெரிந்த பிறகும் எனக்குத் தண்ணீரில் பயம் வரவில்லை, ஓட்டத்திலும் பயம் வரவில்லை. பயத்தை எடுத்தவர் மாமா. மூச்சை எங்கே விட வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று சொன்னவர் டீச்சர்" என்று எழுதியிருந்தேன். உங்கள் பேரைத்தான் முதலில் போட்டிருந்தேன், மாமா.

தீபாவளிக்கு நான் வரவில்லை. எனக்குப் பரீட்சை என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அது ஒன்றாவது உங்களுக்குச் சுலபம்.

சௌந்திரம்


பரமத்தி வேலூர்
8-11-1960

சௌந்திரத்துக்கு,

தீபாவளி முடிந்தது. அத்தை உனக்காக எடுத்து வைத்த அதிரசத்தைப் பச்சமுத்துவிடம் கொடுத்துவிட்டாள். வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை. நீதான் பேனாவையே மூடி வைத்துவிட்டாயே.

உன் கடுதாசியை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. எத்தனை தடவை வாசித்தேன் என்று கேட்காதே, நூறு என்பேன்.

போன வாரம் நாமக்கல் பஸ்ஸில் தீர்த்தகிரி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். நான் பின்னால் இருப்பது அவனுக்குத் தெரியாது. பக்கத்து ஆளிடம், "சேலத்துப் பள்ளிக்கூடத்துல பொட்டப் புள்ளைக ஓடிக்கிட்டிருந்துதுங்க. ஒரே பேச்சுல நான் நிறுத்துனேன்" என்கிறான். கேட்டாயா கதையை. நிறுத்தினது நான். எழுந்து நின்றது நான். சிரிப்பு வாங்கினது நான். என் அக்காள் மகள் பேசாமல் போனது என்னோடு. பேர் மட்டும் அவனுக்கா? உன் டீச்சரின் மேல்கூட எனக்கு இவ்வளவு எரிந்ததில்லை.

நாமக்கல்லில் இறங்க வேண்டியவன் இறங்காமல் சேலத்துக்கே டிக்கெட் போட்டேன். நேராக உங்கள் பெரிய டீச்சரைப் பார்த்தேன். எழுந்து நாற்காலி போட்டார்கள். அண்டா நிறையத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். பள்ளிக்கூடமே கூடிவிட்டது, மாடியில் இடம் இல்லை, மரத்தில் ஏறி நின்றார்கள். தலையை முக்கினேன். நேரம் போகிறது, போகிறது, பெரிய டீச்சர் அழுகிற குரலில், போதுமுங்க, எங்களுக்குப் பயமாயிருக்குது, வகுப்பை நாங்களே மறுபடி வெச்சுக்கறோம் என்று கெஞ்சினார்கள். அப்புறம்தான் தலையை எடுத்தேன்.

நீ அன்றைக்கு வகுப்பில் இருந்ததாகச் சொன்னார்கள். பார்த்திருக்க மாட்டாய். அதனால்தான் விவரமாக எழுதினேன்.

தாய்மாமன் குழந்தைவேல்


சேலம்
20-11-1960

அன்பான மாமாவுக்கு,

அதிரசம் வந்தது. மறுபடியும் டிரில் ஆரம்பித்துவிட்டது. ஜனவரிப் போட்டி முடியும் வரைக்கும் நடக்கட்டும், பின்பக்க மைதானத்தில் நடக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று பெரிய டீச்சர் சொல்லியிருக்கிறார்கள். சுகாதார வகுப்பை எப்போதும்போல் வைத்துக்கொள்ளலாமாம். முதல் நாள் ஓடியபோது எனக்குக் கால் பின்னிக்கொண்டது. டீச்சர், "காஜா எடுத்த காலா?" என்றார்கள். ஓடிக்கொண்டே சிரித்தேன்.

அன்றைக்கு நான் வகுப்பில் இல்லை. தண்ணீர் குடிக்க வந்தவள் சமையற்கட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். மரத்தில் யாரும் ஏறவில்லை. பெரிய டீச்சர், மரியபுஷ்பம் டீச்சர், சமையற்கார அம்மாள், இரண்டாம் பாரத்துப் பிள்ளைகள் கொஞ்சம். இவ்வளவு பேர்தான்.

நீங்கள் டீச்சரைப் பார்த்து, "கடியாரத்தப் பாருங்க, அம்மிணி" என்றீர்கள். முதல் தடவையாக டீச்சரிடம் மரியாதையாகப் பேசினீர்கள். அண்டாவில் தலையை முக்கினீர்கள். நான் என்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு இன்னும் மூச்சு இருந்தது, அதற்குள் நீங்கள் இருமிக்கொண்டே நிமிர்ந்துவிட்டீர்கள். மூக்கில் தண்ணீர் ஏறி முகமெல்லாம் சிவந்து, சமையற்கார அம்மாள் முதுகைத் தட்டினார்கள். டீச்சர் துண்டு எடுத்துக் கொடுத்தார்கள். நீங்கள் வாங்காமல் உங்கள் துண்டிலேயே துடைத்துக்கொண்டீர்கள். தனித் துண்டுதான் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

பிறகு பெரிய டீச்சரிடம் நீங்கள் சொன்னதை நான் எழுதட்டுமா? "பாத்துக்கிட்டீங்களா, அம்மா. புள்ளை எழுதுனது சரிதானுங்க. இத்தன சரியா எழுதக் கத்துக் குடுத்த கிளாசை என்னோட பேச்சுக்காக நிறுத்த வேண்டாமுங்க. அவ ஓடட்டுமுங்க."

உங்கள் கடிதத்தில் மரத்தில் ஏறியவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். இது மட்டும் இல்லை. இதுவரை நீங்கள் சொன்ன கதைகளிலேயே இதில்தான் நடந்தது பெரிதாகவும் சொன்னது சின்னதாகவும் இருக்கிறது.

நேற்று மைதானத்தில் தீர்த்தகிரி மாமாவின் மகள் எல்லோர் முன்னாலும் கேட்டாள். "ஏம் புள்ள சௌந்திரம், உங்க மாமா அண்டாவுக்குள்ள எத்தன நேரம் இருந்தாரு? எங்கப்பா கேக்கச் சொன்னாரு." சரியான நேரம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மாமா, நான் அதைச் சொல்லவில்லை. "அவரு எங்க எந்திரிச்சாரு? ரொம்ப நேரமாச்சுன்னு டீச்சர்தான் விசில் ஊதி எழுப்பிவிட்டாங்க" என்றேன். டீச்சர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். பிறகு கழுத்தில் தொங்கிய விசிலைக் கையில் எடுத்துத் துடைத்தார்கள். இல்லை என்று சொல்லவில்லை.

ஜனவரியில் வந்துவிடுங்கள்.

உங்கள்
சௌந்திரம்


பரமத்தி வேலூர்
24-11-1960

சாமி சௌந்திரத்துக்கு,

கார்டில் இடம் இல்லாததால் சுருக்கமாக எழுதுகிறேன். உன் கடுதாசியை அத்தைக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். நடுவில் இரண்டு மூன்று வரி மசி கலைந்து தெரியவில்லை என்று தாண்டிவிட்டேன்.

தீர்த்தகிரி மகளுக்கு நீ சொன்ன பதில் அருமை. அவன் இரண்டு நாளாக மண்டிக்கு வெளியே தலை காட்டவில்லை என்கிறார்கள். ஜனவரிக்கு நானும் அத்தையும் வருகிறோம். அத்தை இப்போதே சேலை எடுத்து வைத்துவிட்டாள்.

ஒரே ஒரு குறை. நான் ரொம்ப நேரம் இருந்தேன் என்றாய், சரி. மாமா தானாகவே பார்த்துப் போதும் என்று எழுந்தார் என்று சொன்னால் ஆகாதா? சொந்தமாக நீ சொன்ன முதல் பொய், அதிலும் அந்த டீச்சரையா கொண்டுவந்து விசில் ஊத விட வேண்டும்?

குழந்தைவேல்